கடவுளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஒரு பேச்சைத் தவிர்க்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்ததை நினைத்து விளக்கேற்றிவிட்டு வருகிறவர்கள் விறாந்தையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். கோப்பை பாதி காலியாகும் முன்பே யாராவது தொடங்கிவிடுவார்: அன்பே உருவானவர் என்கிறார்களே, அவர் இதை ஏன் பார்த்துக்கொண்டு இருந்தார்? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கும் இல்லை. திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவர் இதைக் கேட்காமல் முதுமை அடைந்திருந்தால்தான் எனக்கு வியப்பாக இருக்கும். என் எரிச்சலெல்லாம் பதில் வைத்திருப்பவர்கள் மேல்தான். கேள்வி முடியும் முன்பே பதிலை எடுத்து நீட்டுகிற வேகத்தைப் பார்த்தால், கடவுள் இவர்களை வக்கீலாக அமர்த்திக் கட்டணமும் கட்டிவிட்டார் போலிருக்கும்.

ஊரில் அதிகம் கேட்கும் பதில், 'கோணேசர் காப்பாற்றினார்' என்பது. கோணேசர் எங்கள் ஊர்ச் சிவன். கோட்டைக்குள் மலையுச்சியில் இருக்கும் அவருடைய கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அயலூர்களோடு ஒப்பிட்டால் நகரத்துக்குச் சேதம் குறைவு. இவை இரண்டும் உண்மை. ஆனால் மாவட்டத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் செத்தவர்கள் கோணேசரின் எல்லைக்கு வெளியே இருந்தவர்களா? கோட்டை வாசலிலிருந்து அவருடைய அதிகாரம் எத்தனை மைல் செல்லும்? இன்னொன்றையும் இவர்கள் மறந்துவிடுகிறார்கள். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இந்தக் கோயிலை இடித்துத் தள்ளி, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அன்று தன் வீட்டைக் காக்க ஒரு விரலையும் அசைக்காதவர், 2004இல் சந்தைக் கடைகளைக் காப்பதற்காக எழுந்தார் என்றால், அவருடைய முன்னுரிமைகள் எனக்குப் புரியவில்லை. தப்பியவர் நன்றி சொல்வது இயல்பு. அந்த நன்றியைத் தத்துவமாக்கி ஊருக்குப் பொதுவில் வைக்கும்போதுதான், தப்பாதவர்களின் வீட்டுப் படலையில் போய் முட்டுகிறது.

மாஸ்டரின் வாதங்கள்

இந்த விவாதத்தில் நான் மதிக்கும் எதிராளி ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் தவறாமல் போகிறவர், பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டயரையும் படித்தவர். எங்கள் வட்டாரம் முழுவதும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். மனிதருக்குச் சுயாதீனம் கொடுக்கப்பட்டிருக்கிறது, தீமை அதிலிருந்து வருகிறது என்ற பழைய வாதத்தை அவரே கையில் எடுப்பதில்லை. போரைப் பற்றிப் பேசும்போது அது ஓரளவு நிற்கும். சுனாமிக்கு முன்பும் பின்பும் எங்கள் ஊரில் மனிதருக்கு மனிதர் செய்ததைச் செய்யக் கடலுக்குத் தெரியாது. ஆனால் அன்று காலை யாரும் எந்தத் தீர்மானமும் எடுக்கவில்லை. சுமத்ராவுக்கு அப்பால் ஒரு பூமித் தட்டு இன்னொன்றின் கீழே வழுக்கியது, அவ்வளவுதான்.

'அந்தத் தட்டுகள் நகராவிட்டால் நீயும் இல்லை, நானும் இல்லை' என்பார் மாஸ்டர். தட்டுகள் நகர்வதால்தான் மலைகள் எழுகின்றன. எரிமலைகள் வாயுக்களைத் திரும்பக் காற்றுக்குக் கொடுக்கின்றன. பூமி உறைந்து போகாமலும் வெந்து போகாமலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்ததில் அந்த நகர்வுக்குப் பங்கு உண்டு. இது நல்ல அறிவியல். ஆனால் பூமிக்கு நிலநடுக்கம் ஏன் தேவை என்பதற்கு இது பதிலாகலாம். எல்லாம் வல்லவர் ஒருவர் இருக்கும்போது நிலநடுக்கம் இல்லாத பூமி ஏன் கூடாது என்பதற்கு ஆகாது. மாஸ்டருக்கும் இது தெரியும். 1755 நவம்பர் 1 அன்று, சகல புனிதர்களின் திருநாளில், கோயில்கள் நிறைந்திருந்த நேரத்தில் போர்த்துக்கலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்ததை அவரே எடுத்துச் சொல்வார். சாத்தியமான உலகங்களுக்குள் இதுவே சிறந்தது என்று 1710இல் எழுதிவைத்த ஜெர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. வோல்டயர் இருந்தார், கோபப்பட்டுக் கவிதை எழுதினார். எங்களுக்கும் நாள் அப்படித்தான் அமைந்தது. கிறிஸ்துமஸ் என்கிற நத்தாருக்கு மறுநாள், ஞாயிறு, பௌத்தர்களின் பௌர்ணமி விரதநாளான போயா. எந்தச் சமயத்தாரும் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாதபடி எல்லாரும் செத்தார்கள்.

அவருடைய வாதங்களில் என்னை உண்மையிலேயே நிறுத்தியது ஒன்றுதான். அன்று நிலம் நடுங்கியபோது எங்கள் நேரம் காலை ஏழு மணியை எட்டவில்லை. அலை எங்கள் கரையைத் தொட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. பசிபிக் கரைகளுக்கு 1949இலிருந்து எச்சரிக்கை நிலையம் இருக்கிறது. இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. 'இரண்டு மணி நேரம் தரப்பட்டது. அதை என்ன செய்தோம் என்று நம்மைத்தான் கேட்க வேண்டும்' என்றார் மாஸ்டர். 2012 ஏப்ரல் 11 அன்று மறுபடி சுமத்ராவுக்கு அப்பால் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது, சனம் கரையை விட்டு ஓடியது. அன்று கடல் பெரிதாக ஏறவில்லை, ஆனாலும் ஓடுவதற்கு நேரம் இருந்தது என்பது நிரூபணமானது. நிலாவெளிக்கு இது பொருந்தும். சுமத்ராவின் வடமுனையில் இருக்கும் அச்சேக்குப் பொருந்தாது. அங்கே நடுக்கம் ஓய்ந்த கொஞ்ச நேரத்திலேயே அலை வந்துவிட்டது. எந்த நிலையம் சங்கு ஊதியிருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கால் போதாது. கடவுளைக் காப்பாற்றும் ஒரு வாதம் வங்காள விரிகுடாவின் ஒரு கரையில் மட்டும் செல்லுபடியாகும் என்றால், அது கடவுளைப் பற்றிய வாதமில்லை, நிர்வாகத்தைப் பற்றியது. நிர்வாகத்தைப் பற்றிப் பேச நான் எப்போதும் தயார்.

சுளகில் நிவாரண அரிசி

இந்த வாதங்களெல்லாம் விறாந்தைக்கு உரியவை. என் மனதில் தங்கி, தீராமல் கிடப்பது வேறு ஒரு இடத்தில் நடந்தது.

என் பெரியம்மா நிலாவெளியில் இருந்தவர். மகளையும் ஆறு வயதுப் பேத்தியையும் கடல் எடுத்தது. மகளின் உடல் கிடைத்தது, பிள்ளையினது கிடைக்கவில்லை. மகளின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு முதல் நாள் உப்புவெளியில் உறவினர் வீட்டில் இருந்தோம். மறுநாள் கருமம் செய்ய வெந்நீர் ஊற்றுகள் இருக்கும் கன்னியாவுக்குப் போகவேண்டும். பெரியம்மா குசினி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். நிவாரணத்தில் வந்த அரிசி. குறுணி, உமி, அங்கங்கே கறுப்புக் கல். ஒரு தட்டு தட்டுவார், உமி பறக்கும். பிறகு விரலால் அரிசியைத் தள்ளித் தள்ளிக் கல்லைப் பொறுக்கி முழங்காலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைப்பார். எறிய மாட்டார். கல்லை எறிந்தால் யார் காலிலாவது குத்தும் என்பது அவருடைய பழைய கணக்கு.

அப்போது வந்தார் எங்கள் உறவினர் ஒருவர். திருமுறை படித்தவர், கோயில்களில் பேசுகிறவர். கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஒழுங்காக ஓடாத நாட்களில் அவ்வளவு தூரம் ஆறுதல் சொல்ல வந்தவர். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவான குரலில் தொடங்கினார். உயிர் அநாதி, தொடக்கம் இல்லாதது. வினையும் அநாதி. சேர்ந்து கிடக்கும் பழவினையான சஞ்சிதத்திலிருந்து இந்தப் பிறவிக்கென்று அளந்து கொடுக்கப்பட்டது பிராரத்தம். அது தீர்ந்தால் உடம்பு நிற்காது. இறைவன் தண்டிக்கவில்லை, நோய் தீர்க்கிறார், மருந்து கசக்கும். இனிமையாக வரும் அறக்கருணை மட்டுமல்ல, தண்டிப்பதுபோல் வரும் மறக்கருணையும் கருணைதான். பிள்ளை கொண்டுவந்த கணக்கு அவ்வளவு என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவின் விரல் அரிசிக்குள் நின்றுவிட்டது. 'ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன கணக்கு?' என்று கேட்டார். உறவினர் முற்பிறவி என்றார். சாத்திரப்படி அது சரியான பதில்.

'தம்பி, என் வினை என்று நான் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். அது நான் சொல்கிறது. என் பேத்தியின் வினை என்று நீங்கள் சொல்லக் கூடாது. கோணேசரிடம் எனக்குக் கேட்க இருக்கிறது, நான் கேட்பேன். அவருக்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். அவருக்கு வாய் இல்லையா?'

குரல் உயரவில்லை. சொல்லிவிட்டுச் சுளகை மறுபடி தட்டினார். உறவினர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, நேரமாகிறது என்று எழுந்து போனார். எனக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, எது சரியான விளக்கம் என்ற விவாதத்தில் எனக்கு இருந்த ருசி பாதி போய்விட்டது. யார் சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைத்தான் முதலில் கவனிக்கிறேன். கன்மக் கோட்பாட்டை நான் மட்டமாக நினைக்கவில்லை. இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாக ஏற்கிற இருவினையொப்பு என்ற நிலை ஓர் உயிர் தனக்குள்ளே பழுக்க வேண்டிய நிலை. தன் துன்பத்தைத் தன் வினை என்று ஏற்றுக்கொள்ளும் மனிதரிடம் ஒரு மிடுக்கு இருக்கிறது. நான் வெறும் அகப்பட்டவன் அல்லன், இதில் எனக்கும் பங்குண்டு என்ற மிடுக்கு. அதே கோட்பாட்டை அடுத்த வீட்டுக்காரர் சுமந்து வந்து இறக்கினால் அது குற்றப்பத்திரிகை. சாதிக்கும் வறுமைக்கும் உடற்குறைக்கும் எத்தனை தலைமுறையாக இப்படிக் குற்றப்பத்திரிகை வாசித்திருக்கிறோம் என்று நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் கன்னியாவில், சூடு மாறி மாறி இருக்கும் அந்த ஏழு கிணறுகளிலும் அள்ளி அள்ளி ஊற்றிக் குளித்தோம். அந்தக் கிணறுகளின் கதை எல்லாருக்கும் தெரியும். இராவணனைத் தடுப்பதற்காகத் திருமால் கிழவராக வந்து, உன் தாய் இறந்துவிட்டாள் என்று பொய் சொல்லுகிறார். அவளுக்குக் கருமம் செய்ய ஊற்றுகளையும் அவரே உண்டாக்கிக் கொடுக்கிறார். எங்கள் ஊரின் மிகப் பழைய துயரக் கதையில் ஏமாற்றுகிறவர் கடவுள், அழுகிறவன் அரக்கன். இந்தக் கதையை யாரும் திருத்தி, கடவுளை நல்லவராக்கிவிடவில்லை. முன்னோருக்கு இதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஏசியவர்கள்

பெரியம்மா அதன்பிறகு வீட்டில் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டார். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கோட்டைக்குள் மான்கள் மேயும் பாதையில் ஏறி, கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அர்ச்சனைத் தட்டு வாங்கமாட்டார். சன்னிதியில் நின்று வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பார். விளக்கேற்றாதவர் கோயிலுக்கு ஏன் போகிறார் என்று யாரோ கேட்டதற்கு, 'வீட்டில் இருந்து ஏசினால் அவருக்குக் கேட்குமா?' என்றார்.

இதைப் பக்தி இல்லை என்று சொல்கிறவர்கள் தேவாரத்தைக் காதால் கேட்டிருக்கிறார்களே தவிர, என்ன பாடப்படுகிறது என்று கவனித்ததில்லை. சூலை நோயில் துடித்த அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகமே, கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமை பல செய்தன நானறியேன் என்றுதான் தொடங்குகிறது. இந்த அளவு வதைக்கும்படி நான் என்ன கொடுமை செய்தேன் என்று எனக்குத் தெரியாது என்கிறார். வினைக் கணக்கைக் காட்டி வாயடைக்க அங்கே யாரும் இல்லை. கண்ணிழந்த சுந்தரர் திருவாரூரில், அடியார்கள் அல்லலை வந்து சொன்னாலும் நீங்கள் வாளாவிருந்தால் 'வாழ்ந்து போதீரே' என்கிறார். வீதியில் ஒருவரைப் பார்த்து, நீ நல்லாயிரு என்று பல்லைக் கடித்துச் சொல்கிற அதே தொனி. சுந்தரர் தன் மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறிக் கண்ணிழந்தவர், அவருக்கு அது வேண்டியதுதான் என்று உறவினர் சொல்லக்கூடும். சொல்லட்டும். ஏசியதைச் சைவம் திருமுறைக்குள் வைத்திருக்கிறது, ஓதுவார் இறைவன் முன்னிலையிலேயே அதைப் பாடுகிறார். எனக்கு அது போதும்.

இன்னும் பின்னால் போனால் புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் இருக்கிறார். ஒரு வீட்டில் சாப்பறை, பக்கத்து வீட்டில் மணமுழவு. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனைப் 'பண்பிலாளன்' என்கிறார் அவர். வள்ளுவரோ, பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றால் உலகியற்றியான் பரந்து கெடுக என்று சபிக்கிறார். இதை மனப்பாடம் செய்து பரிசு வாங்கிய பிள்ளைகள்தான் வளர்ந்து செத்த வீடுகளில் கடவுளுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

விதியை ஏற்றால் வாய் மூடிவிடும் என்றும் ஒரு கட்டம்வரை நினைத்திருந்தேன். கிண்ணியா நண்பர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய படகுப் பாதை, அதாவது ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவை, கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். இறைவனிடமிருந்து வந்தோம், அவனிடமே மீள்கிறோம் என்று சொல்லி ஜனாஸாவை, அதாவது இறந்தவர்களின் உடல்களைத் தூக்கிய அதே சனம், அதே நாளில் வீதிக்கு இறங்கி ஆர்ப்பாட்டமும் செய்தது. 'இறைவன் விதித்ததை, கத்ரை நம்புகிறேன், பாலத்தையும் கேட்கிறேன். இதில் உங்களுக்கு என்ன குழப்பம்?' என்று நண்பர் கேட்டார். எனக்குத்தான் குழப்பமே தவிர அவருக்கு இல்லை. சோதனை என்று சொன்னவர்கள் பறிகொடுத்தவர்கள். பாதையை அப்படியே ஓடவிட்டிருந்தவர்கள் வந்து சோதனை என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க முடியும்.

யோபுவின் வீட்டில்

சித்தியின் மகன் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அவனுக்கு இதெல்லாம் சுற்றி வளைக்கும் வேலை. 'ஆளில்லாத வீட்டுக்குப் போய் ஏசுவதில் என்ன பெருமை, அண்ணா? பெரியம்மா இத்தனை வருடம் கேட்டாரே, ஒரு பதில் வந்ததா?' என்றான். வரவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பதும் எனக்குத் தீர்ந்த விஷயம் இல்லை; சில நாட்களில் அவன் சொல்வதுதான் சரி என்று நினைத்தபடி படுத்திருக்கிறேன். ஆனால் அவனும் அந்த உறவினரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். பெரியம்மா கேட்டது கோணேசரிடம். ஒருவர் குறுக்கே வந்து பதில் சொல்லுகிறார், மற்றவர் குறுக்கே வந்து கேள்வியைத் தள்ளுபடி செய்கிறார். இதைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, அவனும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவன்.

போன டிசம்பரில் மாஸ்டர் பெரியம்மாவைப் பார்க்க வந்தார். இருவருக்கும் ஒத்துப்போகும், இருவரும் தேத்தண்ணீரில் சீனி அதிகம் போடுகிறவர்கள். பேச்சு எப்படியோ வேதாகமத்தில் வரும் யோபுவுக்குப் போனது. குற்றமற்ற ஒரு மனிதன் சொத்தையும் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வருகிறார்கள். ஏழு நாள் தரையில் பேசாமல் அவனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவரை நல்லவர்கள். பிறகு வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று அதிகாரம் அதிகாரமாக விளக்குகிறார்கள். கடைசியில் தேவன் கோபப்பட்டது தன்னைக் கேள்வி கேட்ட யோபுவின் மேல் அல்ல, தனக்காகப் பேசிய அந்த மூவர் மேல் என்று மாஸ்டர் சொன்னபோது பெரியம்மா தலையாட்டினார். பிறகு யோபுவுக்கு ஆடுமாடு இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைத்தது, ஏழு ஆண்பிள்ளைகளும் மூன்று பெண்பிள்ளைகளும் புதிதாகப் பிறந்தார்கள் என்றார். அந்தப் பெண்பிள்ளைகளின் பெயரையும் சொன்னார்: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக்.

'முதல் பத்துப் பேரின் பெயர்?' என்று கேட்டார் பெரியம்மா.

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து முதல் அதிகாரத்தைப் பார்த்தார். இல்லை. எழுதப்படவில்லை.

'அவர்களைப் பெற்ற தாய்?'

அவளுடைய பெயரும் இல்லை. ஒரேயொரு வசனம் பேசுகிறாள், தேவனைத் தூஷித்து ஜீவனை விடும் என்று புருஷனிடம் சொல்லுகிறாள், அதற்குப் பிறகு அவளைப் பேசக் கேட்கவில்லை என்றார் மாஸ்டர். கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொன்னார். அவளை மூடத்தனமாகப் பேசியவள் என்று காட்டித்தான் பிரசங்கங்களில் சொல்வது வழக்கம்.

'அந்த மூன்று சிநேகிதர்களில் யாராவது அவளிடம் போய்ப் பேசினார்களா?'

'இல்லை அக்கா. அப்படி ஒன்றும் எழுதவில்லை.'

'நல்லது' என்றார் பெரியம்மா.